எழுதாத முள்ளும் எழுதும் கையும்

எழுதுவதற்கென்றே பிறந்த பொருள் எழுதாமலே கிடக்குமாயின், அதனைச் செல்வம் என்பதா, சுமை என்பதா? ஊற்றுப் பேனாவின் முள்ளை, அதாவது நிப்பு என்று வழக்கில் கூறப்படும் அச்சிறு உலோகத் தகட்டினை, நாடு நாடாகத் தேடித் திரட்டிப் பேழைக்குள் அடுக்கிவைக்கும் பழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. தமிழரும் இதற்கு விலக்கல்லர். பந்துமுனைப் பேனா வந்து ஊற்றுப் பேனாவை அன்றாட வாழ்விலிருந்து விலக்கிய பிறகு, விலக்கப்பட்ட பொருளின்மீது காதல் பிறந்தது. காதல் பிறந்ததில் குறையில்லை. அக்காதல் எழுத்தை மறந்து பொருளை மட்டுமே பற்றிக்கொண்டதில்தான் குறை உள்ளது.

முள் திரட்டுவோருள் இரு சாரார் உளர். மை தொடாத முள்ளே உயர்ந்தது எனக் கூறிப் பூட்டிவைப்போர் ஒரு சாரார். தம் கைக்கேற்ப முள்ளைத் தேய்த்தும் தீட்டியும் வளைத்தும் திருத்தி எழுதுவோர் மற்றொரு சாரார். முன்னவர் பின்னவரைப் பாழ்செய்வோர் என்கின்றனர். பின்னவரோ முன்னவரைப் பூதம் காப்போர் என்கின்றனர். இவ்வழக்கில் நீதி பின்னவர் பக்கமே உள்ளது. ஆயினும் பின்னவர் செய்யத் தவறிய கடமை ஒன்றும் உண்டு. அக்கடமை தமிழ் எழுத்தைப் பற்றியது.

முள்ளின் இயல்பு

முள்ளின் பெருமையை அறியாதார் அதனைப் பற்றி வழக்காடுதல் பொருந்தாது. முள்ளின் நடுவே மயிரிழை போன்ற பிளவு ஒன்று ஓடுகிறது. முள்ளின் அடியில் நாக்குப் போல் அமைந்த கட்டையில் நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. மை அவற்றின் வழியே நுண்புழையேற்றத்தால் நுனியை அடைகிறது. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புக வேண்டும். இன்றேல் மை நின்றுவிடும், அல்லது கொட்டிவிடும். இந்தச் சமன்பாட்டினை நன்கு அமைத்து, 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் லூயிஸ் எட்சன் வாட்டர்மன். அவருக்கு முன்னரே, 1827இல், பெட்ராக்கே போயநாரு என்னும் ருமேனியர் பாரிஸ் நகரில் ஊற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

பொன்னை முள்ளாக்கியது ஆடம்பரத்துக்காக மட்டுமன்று. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை அமிலத்தன்மை உடையது. அஃது இரும்பை அரிக்கும், பொன்னை அரிக்காது. ஆதலின் 14 காரட், 18 காரட் பொன் முட்கள் தோன்றின. எனினும் பொன் மென்மையானது. தாளில் உரசினால் விரைவில் தேய்ந்துவிடும். அதனால் நுனியில் கடுகினும் சிறிய கடின உலோக மணி ஒன்றைப் பற்றவைத்தனர். அதனை இன்றும் இரிடியம் என்றே அழைப்பர். உண்மையில் அஃது ஆஸ்மியம், ருத்தீனியம் முதலியன கலந்த கலவையாகவே பெரும்பாலும் இருக்கிறது. தாளைத் தொடுவது இந்த மணியே. எழுத்தின் தடிப்பும் மென்மையும் இதன் வடிவிலேயே அடங்கியுள்ளன. பொன்னின் விலையைப் பேசுவோர் இம்மணியின் வடிவைப் பேசுவதில்லை. தட்டின் விலையைக் கூறிச் சோற்றின் சுவையை மறப்பது போன்றதன்றோ இது?

பேழைக் காதலர்

மை தொடாத முள்ளுக்குச் சந்தையில் விலை மிகுதி. ஒருமுறை மையில் தோய்ந்ததும் அதன் மதிப்புக் குறைந்துவிடுகிறதாம்! கடமையைச் செய்ததனால் ஒரு கருவி மதிப்பிழக்கும் விந்தையை வேறெங்குக் காண இயலும்? உழுத ஏருக்கு விலை குறைவு, உழாத ஏருக்கே விலை மிகுதி என்று உழவனிடம் கூறினால், அவன் சிரிப்பான்.

அஞ்சல்தலை திரட்டுவோரையும் நாணயம் திரட்டுவோரையும் எவரும் குறை கூறுவதில்லையே, முள் திரட்டுவோரை மட்டும் பழிப்பது ஏன் என வினவுவர். வினா முறையானதே. அதற்கு விடையும் உண்டு. முத்திரை குத்தப்பட்ட அஞ்சல்தலை தன் பணியை முடித்துவிட்டது. வழக்கொழிந்த நாணயமும் அங்ஙனமே. அவை பணி ஓய்வு பெற்ற பின்னரே பேழைக்குள் வருகின்றன. முள்ளோ, நூறு ஆண்டுக்கு முன் செய்யப்பட்டதாயினும், மை ஊற்றினால் இன்றும் எழுதும். பணி செய்ய வல்லதைப் பணி செய்யவிடாமல் பூட்டிவைப்பதும், பணி முடித்ததைப் போற்றிவைப்பதும் ஒன்றாகா.

எல்லா முட்களையும் மையில் தோய்க்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகு முள் தொழிலின் தலைநகராக விளங்கியது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் போன்றோரின் ஆலைகளில் பெண் தொழிலாளரின் கைகள் அழுத்துபொறியை இயக்கி எண்ணற்ற முட்களை வெட்டித் தள்ளின. அந்நகரில் இன்று பேனாவுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. வரலாற்றுச் சான்றாக நிற்கும் அரிய முட்கள் அத்தகைய இடங்களில் பலர் கண்படக் காக்கப்படுதல் வேண்டும். தனியொருவர் அலமாரியின் இருட்டில் கிடக்கும் முள் எவருக்குச் சான்று கூறும்?

திரட்டுதலின் நெறியைத் தமிழர் பிறரிடம் சென்று கற்க வேண்டியதில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினர். திரட்டியது பூட்டிவைத்து மகிழ்வதற்கன்று. 1887இல் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சேறின. செல்லும் கறையானும் தின்றவை போக எஞ்சிய ஏடுகள் தமிழுலகின் பொதுச்சொத்தாயின. பயன்படுத்துவதற்காகத் திரட்டினர், திரட்டியதைப் பயன்படுத்தினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. பேழைப் பொன்முள்ளும் எழுத்துக்கு உதவாது.

திருத்துதல் குற்றமா?

முள்ளைத் தேய்த்து வடிவம் மாற்றுவது செய்தவரின் கலையை அவமதிப்பதாகும் என்பது பேழைக் காதலரின் இரண்டாம் வாதம். இவ்வாதம் எழுதுகருவியின் வரலாற்றை அறியாமையால் எழுந்தது. பேனா என்னும் சொல்லே இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. இறகால் எழுதிய காலத்தில், எழுதுபவனே தன் கைக்கேற்ப அதன் நுனியைச் சீவிக்கொண்டான். அதற்கென அவன் வைத்திருந்த சிறு கத்தியின் பெயரே இன்றளவும் பேனாக்கத்தி என வழங்குகிறது. ஆகவே கருவியைக் கைக்கேற்பத் திருத்துவதே பழமை. ஆலை தந்த வடிவத்துக்குக் கையை வளைத்துக்கொள்வதே புதுமை.

ஆலை யாரை எண்ணி முள் செய்கிறது? எவரையும் எண்ணியன்று. ஒருவர் பேனாவை நிமிர்த்திப் பிடிப்பார். மற்றொருவர் சாய்த்துப் பிடிப்பார். ஒருவர் அழுத்துவார், மற்றொருவர் வருடுவார். இடக்கையால் எழுதுவோர் முள்ளை இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளுகின்றனர். இத்தனை கைகளுக்கும் ஒரே வடிவம் பொருந்துமென்பது, ஊரார் அனைவர்க்கும் ஒரே அளவில் செருப்புத் தைத்த கதையாகும்.

எனினும் திருத்துவோர்க்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். தேய்த்த உலோகம் மீண்டும் வளராது. அகன்ற நுனியைக் குறுக்கலாம். குறுகிய நுனியை அகலமாக்க வேண்டுமாயின் புதிய மணி பற்றவைக்க வேண்டும். அதற்குச் செலவும் அரிய கைத்திறனும் தேவை. முள் கீறுகிறது எனக் குறை கூறுவோர் உடனே தேய்க்கத் தொடங்குகின்றனர். முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் வேண்டும். பிளவின் இருபுறத்து அலகுகளுள் ஒன்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருப்பதே பெரும்பாலும் கீறலுக்குக் காரணம். நகத்தால் மெல்ல அழுத்தினாலே அது நேராகிவிடும். பிளவில் காய்ந்த மை அடைத்திருப்பின் நீரால் கழுவி, மெல்லிய பித்தளைத் தகட்டினைச் செலுத்தி நீக்கலாம். இவையெல்லாம் பயன் தராதபோதுதான் மிக நுண்ணிய தேய்ப்புத் தாளை நாட வேண்டும். அப்பொழுதும் சிறிது தேய்த்தல், எழுதிப் பார்த்தல், மீண்டும் சிறிது தேய்த்தல் என்பதே முறை. மிகையாக வழவழப்பாக்கினால் பிளவின் உள்விளிம்புகள் உருண்டுவிடும். மை தாளைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடும். இம்முறை அறியாமல் அரிய பழைய முள்ளில் மரத்தச்சனின் உப்புத்தாளை வைப்பவரைப் பேழைக் காதலர் பழிப்பாராயின், அப்பழி தகும். மலிவான எஃகு முள்ளில் கை பழகிய பின்னரே பொன்முள்ளைத் தொடுதல் அறிவுடைமை.

தமிழுக்குரிய முள் எங்கே?

இனித் தமிழர் செய்யத் தவறிய கடமைக்கு வரலாம். கருவி எழுத்தின் வடிவையே மாற்றும் என்பதற்குத் தமிழைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் எழுத்தாணியால் குத்தினால் ஓலை பழுதாகும் என்றஞ்சிப் பிற்காலச் சுவடிகளில் புள்ளியை விட்டுவிட்டனர். இலக்கண நூலின் ஆணையையே ஓர் எழுத்தாணி வென்றது! அங்ஙனமாயின், இன்று தமிழர் கையிலுள்ள முள் தமிழ் எழுத்தை என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

கடைகளில் கிடைக்கும் சிறப்பு முட்களுள் பெரும்பாலானவை ரோமன் எழுத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. நுனி தட்டையான முள் நேர்கோட்டைத் தடிப்பாகவும் படுக்கைக்கோட்டை மெல்லியதாகவும் இழுக்கும். ரோமன் எழுத்துக்கு அஃது அழகு தரும். இதற்கு நேர்மாறாக, படுக்கைக்கோட்டைத் தடிப்பாக்கும் முள்ளும் உண்டு. அரபு, எபிரேய எழுத்துகளை எழுதுவோர் அதனை விரும்புவர். ஜப்பானியரோ ஒருபடி மேலே சென்றனர். 1911இல் ஹிரோஷிமா மாநிலத்தின் குரே நகரில் தோன்றிய செய்லர் நிறுவனத்தில் பணியாற்றிய நொபுயோஷி நாகஹாரா, தம் மொழியின் தூரிகை எழுத்தை மனத்திற்கொண்டு, நாகினாட்டா தோகி என்னும் நீண்ட நுனியுடைய முள்ளைச் செதுக்கினார். நிமிர்த்தி எழுதினால் மெல்லிய கோடு. சாய்த்து எழுதினால் தடித்த கோடு. தம் எழுத்துக்குத் தம் முள் என்பதில் அவர்கள் உறுதியாய் நின்றனர்.

தமிழ் எழுத்தின் தேவை யாது? சுழியே தமிழின் உயிர். றன்னகரத்துக்கு இரண்டு சுழி, டண்ணகரத்துக்கு மூன்று சுழி. 'எண்ணினான்' என்னும் சொல்லை அகன்ற முள்ளால் சிறிதாக எழுதினால் சுழிகள் அடைபடும். ணகரமும் னகரமும் ஒன்றாய் மயங்கும். புள்ளி மேற்கோட்டோடு ஒட்டி மறையும். மெய் உயிர்மெய்யாகத் தோன்றும். ரகரமும் துணைக்காலும் வேறுபாடின்றி நிற்கும். மாணவன் பிழையாக எழுதினான் என ஆசிரியர் சிவப்புக் கோடிடுகிறார். பிழை மாணவனதா, முள்ளினதா? ஐரோப்பிய நடுத்தர முள் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கோடு இழுக்கும். ஜப்பானிய மெல்முள் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் கோடு இழுக்கும். கோடிட்ட குறிப்பேட்டில் எழுதும் தமிழ்க் கைக்கு இரண்டாவதே பெரும்பாலும் பொருந்தும். சுழியில் திரும்பும்போது கீறாதவாறு எல்லாத் திசையிலும் உருண்ட நுனியும், புள்ளி வைத்தவுடன் மை பரவாத அளவான ஒழுக்கும் வேண்டும்.

உலகச் சந்தையில் பரவலாக வழங்கும் முள்வகைப் பெயர்களுள் தமிழின் பெயர் இல்லை. முள் செய்யத் தமிழர் அறியாதவரா? தமிழ்நாட்டின் சாத்தூரில் எஃகு முள் செய்யும் சிறு பட்டறைகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகியிருந்தன. எண்ணற்ற பள்ளிப் பிள்ளைகள் அம்முட்களால் எழுதினர். பந்துமுனைப் பேனா பரவியபோது அத்தொழில் நலிந்தது. ஜெர்மானிய முள்ளின் பெயரையும் ஜப்பானிய முள்ளின் பெயரையும் மனப்பாடமாய் ஒப்பிக்கும் தமிழ்த் திரட்டுநர், சாத்தூரின் பெயரை ஒருமுறையேனும் உச்சரித்ததுண்டா? பல்லாயிரம் விலை கொடுத்து வாங்கிய முள்ளால் அவர் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் தம் ஆங்கிலக் கையொப்பத்தைத்தான். இதனைவிடப் பெரிய வறுமை யாது?

ஆசிரியர் கடன்

கணினியும் கைப்பேசியும் மலிந்த காலத்தில் முள்ளைப் பற்றிப் பேசுவது வீண் என்பாரும் உளர். தட்டச்சுப் பலகை எழுத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், வரையச் சொல்லாது. ழகரத்தின் வளைவையும் ஞகரத்தின் மடிப்பையும் குழந்தையின் விரல் வரைந்துதான் அறிய வேண்டும். இது செல்வர் விளையாட்டு என்பாரும் உளர். பொன்முள் செல்வர்க்கு உரியதாகலாம். நல்ல நுனி எல்லார்க்கும் உரியது. எளிய எஃகு முள்ளும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் போதும்.

தமிழாசிரியர் வகுப்பறையில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 'எண்ணினான்', 'அறிஞர்', 'மின்னணு' ஆகிய சொற்களை ஒரே மாணவனை இரண்டு முட்களால் எழுதச் செய்து, இரண்டையும் அருகருகே வைத்து அவனையே நோக்கச் செய்யலாம். தன் கைக்கும் தன் மொழிக்கும் ஏற்ற கருவி எது என்று தேர்ந்துகொள்ளும் அறிவு அன்று அவனுக்குப் பிறக்கும். முள் திரட்டுவோரும் தம் பேழையைத் திறந்து, ஒவ்வொரு முள்ளாலும் ஒரு பக்கம் தமிழ் எழுதிப் பார்ப்பாராக. எழுதுவதை வைத்துக்கொள்க; எழுதாததைத் திருத்துக; திருத்தியும் தமக்குப் பயன்படாததை எழுத விரும்பும் இளையவர் ஒருவர்க்கு ஈக. மை தோய்ந்தால் முள்ளின் விலை குறையலாம். தமிழ் எழுத்தின் மதிப்பு உயரும்.