அடுத்த வீட்டில் யார்?

சாதி செத்துவிட்டது, எஞ்சியிருப்பது அதன் எலும்புக்கூடு மட்டுமே, அதையும் காலம் கரைத்துவிடும் என்று களிப்போடு பேசுவோர் நம்மிடையே உண்டு. அவர்களோடு நாம் வாதாடப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம்: ஒரு வீடு வாங்கிப் பாருங்கள்!

கையிலே பணம் இருக்கட்டும். வங்கிக் கடனும் கிடைக்கட்டும். வில்லங்கம் இல்லாத பத்திரம் மேசைமீது விரிந்து கிடக்கட்டும். தாம்பரத்துக்கு அப்பாலோ, ஆவடிக்கு அண்மையிலோ, நேற்றுவரை ஏரி நீர் பாய்ந்த வயலாக இருந்து, இன்று மனை மனையாகக் கூறு போடப்பட்ட ஏதேனும் ஒரு புறநகர்ச் சிற்றூருக்குச் செல்லுங்கள். விலை என்ன என்பது அங்கே இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி வேறு. "சொந்த ஊர் எது?" என்பார் தரகர். ஊரைச் சொன்னால், "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்பார். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், "குலதெய்வம் எது?" என்று பத்திமானாகிவிடுவார். கடைசியாக வருகிறது கூர்மையான கேள்வி: "வீட்டில் அசைவம் சமைப்பதுண்டா?"

அமெரிக்காவிலே தோலைப் பார்த்தார்கள். இங்கே தோண்டிப் பார்க்கிறார்கள்! நிறம் முகத்திலே தெரியும், சாதி தெரியாது. ஆகவேதான் ஊரும் தெருவும் குலதெய்வமும் குழம்புச் சட்டியும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன.

கேட்பவர்களைக் கேட்டால் மூன்று மறுமொழிகள் ஆயத்தமாக உள்ளன. என் வீடு, யாருக்கு விற்பது என்பது என் உரிமை – இது முதல் மறுமொழி. நமக்கென்ன ஐயா, எல்லாரும் ஒன்றுதான், ஆனால் நாளை விலை விழுந்துவிடுமே – இது இரண்டாவது. மனம் மாறினால் எல்லாம் மாறும், சட்டம் போட்டு அன்பை வளர்க்க முடியுமா – இது மூன்றாவது. மற்ற இரண்டையும்விட நயமானது, ஆகவே நஞ்சும் மிகுந்தது.

இம்மூன்றையும் சொல்லிப் பார்த்த ஊர் ஒன்று கடல் கடந்து இருக்கிறது. சொன்னதோடு நில்லாமல் வெடிகுண்டும் வீசிப் பார்த்தது. பின்னர் தன்னைத்தானே திருத்திக்கொண்டது. அந்த ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

சிக்காகோ நகரின் மேற்கெல்லையை ஒட்டி இருக்கிறது ஓக் பார்க். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தாலும், அந்நாட்டுச் சட்டப்படி அஃது இன்றும் ஒரு 'சிற்றூர்'தான். எழுத்தாளர் ஹெமிங்வே 1899இல் பிறந்த ஊர். கட்டடக்கலை வல்லுநர் பிராங்க் லாயிட் ரைட் இருபதாண்டுக் காலம் வாழ்ந்து பணியாற்றிய ஊர். கல்வியும் கலையும் கொழித்த இடம். கல்வி வந்தால் கயமை ஓடிவிடும் என்பார்களே, ஓடிற்றா?

அதே 1899இல், அமெரிக்கத் தென்பகுதியில் மாண்ட்கமரி நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர் பெர்சி ஜூலியன். அவருடைய பாட்டனார் அடிமை. எழுதக் கற்ற குற்றத்துக்காக அப்பாட்டனாரின் விரல்கள் இரண்டு வெட்டப்பட்டன என்று அக்குடும்பத்தார் கூறுவர். ஏகலைவன் கட்டைவிரலை இழந்த கதையை நாம் புராணத்திலே படித்தோம். அவர்கள் வீட்டிலேயே கண்டார்கள்! அந்த வெட்டுண்ட கையின் வழிவந்த பேரன் வியன்னா சென்று வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். கண் அழுத்த நோய்க்கு மருந்தான பைசாஸ்டிக்மினை 1935இல் ஆய்வுக் கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார். சோயாவிலிருந்து மனித உடலுக்கு வேண்டிய இயக்குநீர்களைப் பெருமளவில் எடுக்கும் வழியைக் கண்டார். 1950இல் சிக்காகோ நாளிதழ் ஒன்று அவரை அவ்வாண்டின் சிறந்த சிக்காகோவாசியாகப் போற்றிற்று.

போற்றப்பட்ட அந்த ஆண்டிலேதான் அவர் ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். குடியேறும் முன்பே, நவம்பரில், அவ்வீட்டுக்குத் தீவைக்க முயன்றனர். 1951 ஜூனில், குழந்தைகள் உறங்கும் அறைக்கு வெளியே வெடிகுண்டு வீசினர். அடுத்த மாதமே, அண்டை ஊரான சிசரோவில், ஒரு கறுப்பினக் குடும்பம் குடிபுகுந்த அடுக்கு வீட்டை ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து சூறையாட, படை வந்துதான் அடக்க வேண்டியிருந்தது. ஜூலியனின் மருந்து வேண்டும், ஜூலியன் வேண்டாம்! அவரது அறிவு நம் உடலுக்குள் புகலாம். அவர் நம் தெருவுக்குள் புகலாகாது! இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை எந்தக் கோயிலில் உண்டு?

ஜூலியன் ஓடவில்லை. துப்பாக்கியுடன் இரவெல்லாம் வீட்டைக் காத்தார். 1975இல் இறக்கும்வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

இனி, அந்த வெறுப்பு தானாக முளைத்த களையா, பயிரிடப்பட்ட வெள்ளாமையா என்று பார்ப்போம். வீட்டுமனைத் தரகர்களின் தேசியச் சங்கம் 1924இலேயே ஒழுக்க விதி ஒன்று வகுத்தது. ஒரு தெருவின் மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தாரை அத்தெருவுக்குள் தரகர் கொண்டுவரலாகாது என்பது அதன் சாரம். இதற்குப் பெயர் ஒழுக்கம்! கறுப்பினத்தாருக்கு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அப்பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்சநீதிமன்றம் 1948இல்தான் கூறிற்று. 1930களில் அரசின் கடன் நிறுவனமே நகரங்களுக்கு வரைபடம் தீட்டி, கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுப்பதற்கு ஆபத்தான இடம் என்று முத்திரை குத்திற்று. நம் நாட்டு மனு ஏட்டிலே எழுதினான். அவர்கள் வரைபடத்திலே எழுதினார்கள்.

அச்சத்தை விதைத்தவர்கள் அதை அறுவடையும் செய்தார்கள். ஒரு தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வந்ததும், தரகர் வெள்ளையர் வீட்டுக் கதவைத் தட்டுவார்: "அவர்கள் வந்துவிட்டார்கள், விலை சரியப் போகிறது, இன்றே விற்றுவிடுங்கள்!" அஞ்சியவர் அடிமாட்டு விலைக்கு விற்பார். அதே வீட்டை, வேறெங்கும் இடம் கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்குக் கொள்ளை விலைக்குத் தரகர் விற்பார். விலை விழும் என்று சொன்னவரே விலையை விழவைத்தார், விழுந்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, சொன்னேனே!" என்றார். ஓக் பார்க்கிற்குக் கிழக்கே, ஒரு சாலைக்கு அப்பால் உள்ள ஆஸ்டின் பகுதி இப்படித்தான் தெருத் தெருவாகக் காலியாயிற்று. 1960இல் ஏறத்தாழ முழுக்க வெள்ளையர் வாழ்ந்த அப்பகுதியில் 1980இல் பெரும்பான்மையினர் கறுப்பினத்தார்.

அடுத்தது ஓக் பார்க்தான் என்று தரகர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்தனர். அங்கேதான் அந்தச் சிற்றூர் சிந்தித்தது. இரண்டு வழிகள் அதன் முன் இருந்தன: கதவை அடைத்துக்கொண்டு வெறியராவது, அல்லது கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போவது. மூன்றாவது வழியை அது தேர்ந்தது – கதவையும் திறப்போம், ஓடவும் மாட்டோம்!

1966இல் சிக்காகோவில் வீட்டுரிமை கேட்டு நடந்த மார்ட்டின் லூதர் கிங் கல்லடி பட்டார். 1968 ஏப்ரல் 4இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாள் கழித்து, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இன வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் அமெரிக்கத் தலைவர் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே ஓக் பார்க் தனக்கெனத் தனிச் சட்டம் செய்துகொண்டது. சட்டத்தோடு நிற்கவில்லை. 1972இல் அங்கே ஒரு வீட்டுவசதி மையம் தோன்றிற்று. வீடு தேடி வருவோரிடம், அவரவர் இனத்தார் குவிந்திருக்கும் தெருவைக் காட்டாமல், ஊரின் எல்லாப் பகுதியையும் காட்டிற்று. தெருவெல்லாம் 'விற்பனைக்கு' என்ற பலகை முளைத்தால் அச்சம் பரவுமென்று அப்பலகையையே ஊர் தடைசெய்தது. வேறோர் ஊரின் வழக்கில் அத்தகைய தடை செல்லாதென்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், அவ்வூர்த் தரகர்கள் தாமாகவே பலகை நடாதிருந்தனர். எல்லோரும் ஓடத் துடித்த கிழக்குப் பகுதியிலேயே 1975இல் ஊராட்சி மன்றக் கட்டடத்தைக் கட்டி, 'நாங்கள் இங்கேதான் இருப்போம்' என்று செங்கல்லால் பேசினர்.

விலை விழுந்துவிடுமே என்று நடுங்கியோருக்கு 1978இல் மறுமொழி கிடைத்தது: சிறு கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஐந்தாண்டு கழித்து விற்கும்போது நட்டம் வந்தால், அந்த நட்டத்தில் 80 விழுக்காட்டை ஊரே தரும்! விளைவு என்ன? இழப்பீடு கொடுக்க வேண்டிய நிலையே எழவில்லை. விலை விழும் என்ற வேதவாக்கு, சோதிடன் சொல்லைப்போலவே, சோதித்துப் பார்த்ததும் பொய்த்தது.

ஓக் பார்க் பொன்னுலகம் என்று நாம் கூறவில்லை. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தார். ஆனால் வீட்டு விலையும் வரியும் ஏறி, ஏழைக்கு எட்டாத ஊராகியும் வருகிறது. ஒரே பள்ளியில் அமர்ந்த வெள்ளை மாணவனுக்கும் கறுப்பின மாணவனுக்கும் ஒரே கல்வி கிட்டுகிறதா என்ற கேள்வியை, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆவணத் தொடர் உரக்கவே எழுப்பிற்று. ஆம், அடுத்தடுத்து வாழ்வது சமத்துவத்தின் முடிவன்று. ஆனால் தொடக்கம்! குண்டு விழுந்த அவ்வூரில் இன்று ஒரு பள்ளிக்குப் பெயர் பெர்சி ஜூலியன்.

மூன்று மறுமொழிகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. 'என் வீடு, என் உரிமை' என்பவருக்கு: நீங்கள் சந்தையிலே விற்கிறீர்கள்; அச்சந்தைக்குச் சாலையும் நீரும் பத்திரப் பதிவும் பொதுமக்கள் பணத்தில் வருகின்றன. பொதுப் பணத்தை வாங்கும் கை, பொதுமக்களில் ஒருவனைத் தள்ளும் உரிமை கோரலாகாது. 'விலை விழும்' என்பவருக்கு: ஓடுகிறவன் காலடியில்தான் விலை விழுகிறது. 'மனம் மாறட்டும்' என்பவருக்கு: மனம் மாறும்வரை சட்டம் காத்திருந்தால், சட்டம் வரும்வரை மனமும் காத்திருக்கும். பக்கத்திலேயே பார்க்காதவனிடம் பாசம் எப்படிப் பிறக்கும்?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அம்பேத்கர், 1917இல் பரோடா அரசின் அலுவலராகச் சென்றபோது தங்க ஓர் அறை கிடைக்காமல் அலைந்தார். பெயரை மறைத்துத் தங்கிய விடுதியிலிருந்தும் தடி ஏந்தியோர் அவரை விரட்டினர். ஜூலியன் வீட்டில் குண்டு வெடிப்பதற்கு முப்பதாண்டுக்கு முன்பே நாம் அந்தக் கலையில் தேர்ந்திருந்தோம்! அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைக்கும் உணவகத்துக்கும் கிணற்றுக்கும் காவல் நிற்கிறது. வீட்டு வாசலிலே நிற்கவில்லை. ஒரு சமூகத்தாருக்கென அமைந்த வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் பிறரை உறுப்பினராக்க மறுக்கலாம் என்று 2005இல் உச்சநீதிமன்றமே ஒப்பிற்று. தனியார் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் சாதி பார்ப்பதைத் தண்டிப்பதற்கென ஒரு தனிச்சட்டம் இந்நாட்டில் இல்லை.

மாற்றுவழி காட்டியதும் இம்மண்தான். 1997இல் கலைஞர் ஆட்சி தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத்தை எண்ணிப் பாருங்கள்: ஊருக்கு 100 வீடுகள், ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வாழ்ந்தவர்க்கு ஒரே தெரு! ஆனால் ஏழைக்கு அரசு கட்டிய ஊரில் சமத்துவம் இருந்தால் போதுமா? படித்தவன் பணம் போட்டு வாங்கும் ஊரில் வேண்டாமா? அரசு சமத்துவபுரம் கட்டக் கட்ட, சந்தை அக்கிரகாரம் கட்டிக்கொண்டே போகிறது. உத்தபுரத்துச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6இல் இடிக்கப்பட்டது; காவலாளி நிற்கும் வளாகங்களின் கண்ணுக்குத் தெரியாத சுவரை யார் இடிப்பது? 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாறும், தெரு மாற வேண்டாமா?

பழியைப் பார்ப்பனர் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் படுத்துறங்க நம்மவர் எண்ண வேண்டா. அக்கிரகாரத்தைச் சாடி மேடையில் முழங்கிவிட்டு, தம் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வருபவரிடம் "நீங்கள் எந்த ஆட்கள்?" என்று மெல்லக் கேட்கும் கருப்புச்சட்டைக்காரரும் உண்டு. நாத்திகம் பேசும் நாவு, குலதெய்வம் எது என்று விசாரிப்பதை என்னென்பது! அவருக்கும் ஆரியத்துக்கும் இடையே ஒரு சட்டையின் தொலைவுதான்.

பள்ளியில் பாடம் சொல்லும் நாம், ஒரே விசுப்பலகையில் பிள்ளைகளை அடுத்தடுத்து அமர்த்துகிறோம். மாலை மணி அடித்ததும் அவர்கள் வெவ்வேறு தெருக்களுக்குப் பிரிந்து போகிறார்கள். பகலில் நாம் கட்டியதை இரவில் தெரு இடித்துவிடுகிறது.

ஆகவே இளைஞர்களே, கோரிக்கை மூன்று. விற்க மறுக்கும் உரிமையாளரையும், சாதி விசாரிக்கும் தரகரையும், தடைபோடும் குடியிருப்போர் சங்கத்தையும் தண்டிக்கும் சட்டம் வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே, எவருக்கும் மறுக்கலாகாது என்ற நிபந்தனையை அரசு எழுதிச் சேர்க்க வேண்டும். மூன்றாவது கோரிக்கை அரசிடமன்று, உங்களிடம்: வீடு வாங்கும் நாளில், வாசற்படி எந்தத் திசை என்று வாஸ்துக்காரனைக் கேளாதீர், அடுத்த வீட்டான் எந்தச் சாதி என்று தரகனைக் கேளாதீர். பலரும் கலந்த தெருவாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியபின் ஓடாதீர்கள்.

சாதியை ஒழிப்போம் என்று மேடையில் சொல்வது எளிது. அடுத்த வீட்டில் யார் வந்தாலும் "வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள் – அந்த ஒரு சொல்லில் இருக்கிறது புரட்சி!