வாளுக்கு முன்பே வந்த குதிரைகள்

தமிழகத்தில் இஸ்லாம் 1311இல் டில்லித் தளபதி மாலிக் கபூரின் வாளோடுதான் நுழைந்தது என்ற வாதம் ஆண்டுக் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது. அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பே காயல் துறையில் அரபு வணிகர்களின் குதிரைக் கப்பல்கள் வந்துநின்றதை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பாண்டியனின் அமைச்சராக முஸ்லிமான தகியுத்தீன் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவுசெய்தார். குதிரையை விலை கொடுத்து வாங்கியவன் பாண்டியன்; அவனை யாரும் மிரட்டவில்லை.

அப்படியானால் படையெடுப்பே நடக்கவில்லையா என்பார்கள். நடந்தது; அதன் பின் அமைந்த மதுரை சுல்தான்களின் ஆட்சிக்குப் புதுக்கோட்டைப் பகுதியின் ராங்கியம், பனையூர்க் கல்வெட்டுகளே சாட்சி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆட்சி அரை நூற்றாண்டுகூட நீடிக்காமல் 1370களில் விஜயநகரத்திடம் வீழ்ந்தது. மதத்தைத் தாங்கியது வாள்தான் என்றால், வாள் போனபின் கோட்டைப்பட்டினக் கரையில் முஸ்லிம் ஊர்கள் எப்படித் தழைத்தன? திருமயம் அருகே காட்டுபாவா பள்ளிவாசலுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருவது எந்த வாளுக்கு அஞ்சி?