பூனைகளுக்கும் பரிசோதனை அவசியம்

மாத்தளையிலோ உக்குவளையிலோ ஒரு வீட்டில் பூனைக்குட்டிகள் இரண்டு மூன்று நாட்களுக்குள் அடுத்தடுத்து மாண்டுபோனால், முதலில் எழும் ஐயம் நஞ்சு பற்றியதே. அயல் வீட்டாரை நோக்கி விரல் நீளும். வேலியோரத் தகராறு ஒன்று ஏற்கெனவே இருந்துவிட்டால் வேறு சாட்சியம் எவருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் வாந்தி, வயிற்றோட்டம், உணவு மறுத்தல், திடீர் மரணம் ஆகியவை நஞ்சுக்கு மட்டுமே உரிய அறிகுறிகள் அல்ல. பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸும் இவ்வாறே கொல்லும்.

பான்லூக்கோபீனியா எனப்படும் அந்நோய் குடலின் உட்சுவரையும் எலும்பு மச்சையையும் தாக்கி, இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. நாய்களின் பார்வோ நோயை அறிவதற்கென உருவாக்கப்பட்ட மலப் பரிசோதனைக் கருவியே இதனையும் சில நிமிடங்களில் காட்டிவிடும். எனினும் நோய் இல்லை என்று அது காட்டினால் மட்டும் ஐயம் முற்றாக நீங்கிவிடாது. வைரஸ் மலத்தில் வெளிப்படும் காலம் குறுகியது. அண்மையில் தடுப்பூசி ஏற்றிய பூனையில் மாறான முடிவும் வரக்கூடும். ஆகவே இரத்தத்தில் வெள்ளணுக்களையும் எண்ணிப் பார்த்தல் நலம். நோய் உறுதியானால் செய்யவேண்டியது தெளிவு. இவ்வைரஸ் ஓரிடத்தில் ஓராண்டு வரையும் உயிர்ப்புடன் கிடக்கவல்லது, சவர்க்காரத்துக்கு மசியாது. ஒரு பங்கு குளோரின் வெளிற்றுந் திரவத்தை 32 பங்கு நீரில் கலந்து தரையைக் கழுவவேண்டும். தடுப்பூசி ஏற்றாத புதிய குட்டியை அவ்வீட்டுக்குக் கொண்டுவரலாகாது.

மற்றொன்று பூனைகளின் குடற் கொரோனா வைரஸ். இங்கே ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. பல பூனைகள் கூடிவாழும் இடங்களில் பெரும்பாலானவை இவ்வைரஸைச் சந்தித்தே இருக்கும். அவற்றுள் சிறுபான்மையானவற்றில் மட்டுமே அது உருமாறி, உயிர்பறிக்கும் வயிற்றறை அழற்சி நோயாகிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்பட்டால், பூனை வைரஸைச் சந்தித்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அம்முடிவை மரண தண்டனையாகக் கொண்டு பூனையைக் கொன்றுவிடுதல் பெருந்தவறு. அந்நோயே வந்தாலும் இன்று நம்பிக்கை உண்டு. ஜிஎஸ்-441524 என்னும் மருந்து அதனைக் குணப்படுத்துவதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

பரிசோதனை போதாதபோது வதந்தி எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குச் சைப்பிரஸ் தீவு சான்று. 2023இல் அங்கே இந்நோய் பரவியபோது மூன்று இலட்சம் பூனைகள் மாண்டதாக விலங்குநல ஆர்வலர்கள் கூறினர். உலகப் பத்திரிகைகள் அதனைத் தலைப்பாக்கின. அந்நாட்டு மிருக வைத்தியர் சங்கத்தின் மதிப்பீடோ ஏறத்தாழ எண்ணாயிரம். பரிசோதனையால் உறுதியானவை என அரசு கூறியது 107 மட்டுமே. மூன்றும் ஒரே தீவைப் பற்றிய எண்கள். மூன்று இலட்சம் மிகை என்றால் 107 மிகக் குறைவு. சோதிக்கப்படாதவை கணக்கில் சேரவில்லை. ஆயினும் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளே ஆராய்ச்சிக்கு வழி திறந்தன. நாயின் கொரோனா வைரஸுடன் கலந்து பிறந்த புதிய வகை அது என்பது அவற்றின் மாதிரிகளிலிருந்தே புலனாயிற்று.

நமது மாவட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் அதிக தூரமில்லை. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும் உண்டு. பிரதேசங்கள்தோறும் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன. மலப் பரிசோதனைக் கருவிகள் சிலவற்றை இவ்வலுவலகங்களில் வைத்தல், ஐயமான மாதிரிகளைப் பேராதனைக்கு அனுப்புதல், முடிவுகளைப் பதிந்து வைத்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல.

மாடும் கோழியும் வருமானம் தருகின்றன, பூனைக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்போர் இருப்பர். பான்லூக்கோபீனியா வீட்டுப் பூனையோடு நின்றுவிடுவதில்லை. பூனைக் குடும்பத்துக் காட்டு விலங்குகளையும் அது தொற்றவல்லது. நக்கிள்ஸ் மலைத்தொடரும் வஸ்கமுவ தேசியப் பூங்காவும் நமது கிராமங்களுக்கு அண்மையிலேயே இருக்கின்றன. சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் உலவும் அக்காடுகளுக்கு நோய் எப்போது எட்டும் என்பதை அறிய, ஊர்ப் பூனைகளின் பதிவேடே முதற் கருவி. அது இல்லாதவரை ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் சொல்லப்போவது ஊகம் மட்டுமே.