ஊரில் வீடு கட்ட முதல் ஒரு கையெழுத்து

தோழர்களே,

போன மாதக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது நாலைந்து பேர் வீட்டுக் கதை கதைத்தோம். ஸ்காபரோ வீட்டுக் கதை இல்லை, ஊர் வீட்டுக் கதை. ஒருவர் கொடிகாமத்தில் அத்திவாரம் போட்டுவிட்டார். இன்னொருவர் முள்ளியவளையில் கட்டப் பிளான் கீறுவித்திருக்கிறார். "பென்சன் எடுத்தால் வருசத்தில ஆறு மாதம் அங்க போய் இருப்பம், இந்தக் குளிர் இனி ஏலாது" என்றார் மூன்றாமவர். அரை மணித்தியாலத்துக்கு முதல்தான் அதே மேசையில் இருந்து வாடகைக் கட்டுப்பாடு, நிலச் சீர்திருத்தம் என்று காரசாரமாகப் பேசியிருந்தோம். ஊர் வீட்டுக் கதை வந்ததும் ஒருவருக்கும் அரசியல் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

எங்கள் குடும்பமும் ஊரில் வீடு கட்டப்போகிறது. நான் அதை எதிர்க்கிறேன். ஏன் என்று அண்ணைக்கும் அக்காவுக்கும் வட்ஸ்அப்பில் எழுதி எழுதிக் களைத்துப்போனேன். இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் உறுதிக் காணி இருக்கிறது. அப்பா யாழ்ப்பாணத்தில் கிளாக்கர். அறுபதுகளில், காணி மலிவாக இருந்த காலத்தில் வாங்கிப் போட்டார். அவர் அந்தக் காணியில் ஒரு நாளும் மண்வெட்டி பிடித்தவர் இல்லை. 1977 கலவரத்தில் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்த ஒரு குடும்பத்தை அதில் "இருத்தினார்". எங்கள் வீட்டில் பாவிக்கிற சொல் அதுதான். ஏதோ கதிரையில் இருத்தியமாதிரி. காட்டை வெட்டியது அவர்கள். கிணறு இறைத்து, தென்னை வைத்து, பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்தது அவர்கள். தேங்காய்க் காசு மட்டும் எங்களுக்கு வந்தது.

அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் எனக்கு எட்டு வயது மூப்பு. சின்ன வயதில் நான் அவவைப் பெயர் சொல்லி "நீ" என்றுதான் கூப்பிடுவேன். அவ என்னை "ஐயா" என்பா. எட்டு வயதுப் பெடியனை. இதில் ஒரு பிழையும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

2009-இல் அவர்களும் எல்லாச் சனத்தோடும் முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். தகப்பன் திரும்பி வரவில்லை. மெனிக் பாம் முகாமில் இருந்து 2010-இல் அதே காணிக்கு வந்து, தறப்பாளும் தகரமும் கொண்டு கொட்டில் போட்டார்கள். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 550 சதுர அடி, வீட்டுக்காரரே நின்று கட்டுகிற திட்டம், 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைக்கும். ஆனால் காணிக்கு ஆதாரம் வேண்டும். 2012-இல் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. படிக்கிற பேத்தி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தா. நாற்பது பரப்பில் இரண்டு பரப்பு தங்கள் பெயருக்கு எழுதித் தந்தால் போதும் என்று.

அப்பா கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "இண்டைக்கு ரெண்டு பரப்பு, நாளைக்கு முழுக்கக் கேப்பினம்" என்றார். அண்ணை தலையாட்டினார். நான் அந்த மேசையில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து நிலமற்றோர் உரிமை பற்றி இதே தோழர்கள் மத்தியில் பேசவும் செய்தேன். கடிதத்துக்குப் பதில் போகவில்லை. வீடு பக்கத்து வளவுக்காரருக்கு வந்தது, அவர்களுக்கு வரவில்லை. அன்றைய கணக்கில் அந்தக் காசு நாலாயிரம் கனேடிய டொலர் சொச்சம். நாங்கள் குடுக்க வேண்டியிருந்தது அந்தக் காசுகூட இல்லை, ஒரு கையெழுத்து.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் மலையகச் சனம் வன்னிக்கு வந்தது. கிளிநொச்சியில் மத்தியதர வகுப்புத் திட்டக் காணிகள் என்று யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்கு அரசாங்கம் பிரித்துக் குடுத்த நிலங்களில் அவர்கள் கூலிகளாக வேலை செய்தார்கள். இன்றைக்கும் கனபேர் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாத காணிகளில் குடியிருக்கிறார்கள். உறுதி இல்லை என்றால் வீட்டுத்திட்டம் இல்லை. கரண்ட் எடுப்பதற்கும் கடன் எடுப்பதற்கும் அதே கேள்வி. யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதம்: வலிகாமம் வடக்கில் இராணுவம் காணிகளை விட்டபோது முகாம்களில் இருந்த ஒடுக்கப்பட்ட சாதியினரில் கனபேருக்குத் திரும்பிப் போக ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. அவர்கள் முன்பு குடியிருந்ததே வேறு ஆக்களின் வளவில்.

காந்தியத்தை நினைத்துப் பாருங்கள். எழுபதுகளில் வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்திய அந்த அமைப்பின் டேவிட் ஐயா ஒரு கட்டடக் கலைஞர். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர். அவர் நினைத்திருந்தால் மாடி வீடுகள் கட்டிக் காசு பார்த்திருக்கலாம். அவரோடு நின்ற டொக்டர் இராஜசுந்தரத்தை 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். டேவிட் ஐயா தப்பினார். நாங்கள் யூலையில் அவர்கள் படத்துக்கு விளக்கேற்றுகிறோம். அவர்கள் குடியமர்த்திய மாதிரியான சனத்தைத்தான் இப்போது "கெதியா எழும்பச் சொல்லுங்கோ" என்று ஆள் விட்டுச் சொல்கிறோம்.

அண்ணையின் பிளான் 3,200 சதுர அடி. போர்டிக்கோ, மேல்மாடி, நாலு பாத்றூம், சுற்றி ஆறடி மதில், அப்பாவின் பெயர் பொறித்த கேற். நாலு கோடி ரூபா மதிப்பீடு. மதில் போகிற கோட்டில் அவர்களின் கொட்டில் நிற்கிறது. "அதுகளுக்கு வேற இடம் பார்த்துக் குடுப்பம்" என்கிறார் அண்ணை. எந்த இடம் என்று கேட்டால் பதில் இல்லை. கட்டி முடிந்தபிறகு வீட்டைக் கூட்டித் துடைத்து விளக்கு வைக்க ஆள் வேண்டுமாம், அதற்கு அந்த மூத்த மகளையே வைக்கலாமாம். திறப்பு அவவிடம், காணி எங்களிடம்.

இப்படியான வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருசத்தில் மூன்று கிழமை திறக்கிற வீடு. ஒரு தாய் கீழ் அறை ஒன்றில் தனியாக இருக்க, மற்ற அறைகள் பூட்டிக் கிடக்கும். முற்றத்தைக் கமராவில் ரொறன்ரோவில் இருந்து ஃபோனில் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பெரிய வியாழன் இரவு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்துகொண்டு தன் மாமரத்தில் யார் மாங்காய் புடுங்குகிறான் என்று பார்த்துக் கத்தினார். சிரிப்பாகத்தான் இருந்தது, பிறகு இல்லை.

"நாங்கள் கட்டினால் அங்க ஆக்களுக்கு வேலை" என்கிறார்கள். உண்மைதான், மேசனுக்கும் ஓடாவிக்கும் எட்டு மாதம், பத்து மாதம் கூலி கிடைக்கும். அதற்குப் பிறகு? அந்த வீட்டுக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கனகராயன் ஆற்றுப் பக்கம் இரவில் டிப்பர் ஓடுகிற சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். டொலருக்கும் பவுண்சுக்கும் காணி வாங்குவதால் ஊரிலேயே படிப்பிக்கிற வாத்தியாரால் ஒரு பரப்பு வாங்க முடியவில்லை. மேசன் கூலியும் சீமெந்து விலையும் எங்கள் கணக்கில் ஏற, ஒரு அறை கட்ட நினைக்கிற சனம் அதே விலையைத்தான் குடுக்க வேண்டும். வீட்டுத்திட்டம் கிடைத்தவர்களே அந்தக் காசு போதாமல் நகையை அடகு வைத்து, நுண்கடன் எடுத்து, வாரக் கட்டுக் கட்ட ஏலாமல் பட்ட பாடு தெரியும்தானே. 2018-இல் வடக்கில் பெண்கள் நுண்கடன் கொம்பனிகளுக்கு எதிராகத் தெருவுக்கு வந்ததற்கு அந்தப் பாதி கட்டிய வீடுகளும் ஒரு காரணம்.

2016-இல் 65,000 இரும்பு வீடுகளை ஒன்று 21 லட்சம் ரூபாவுக்கு ஆர்செலர்மிட்டல் கொம்பனியிடம் குடுக்கப் பார்த்தபோது, அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், உள்ளூர் மேசனுக்கு வேலை கிடைக்கும் என்று அங்கிருந்து எதிர்ப்பு வந்தது. நாங்களும் இங்கே அறிக்கை விட்டோம். சரியான அறிக்கை. ஆனால் சனத்துக்கு என்ன மாதிரி வீடு வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொன்ன எங்களிடம் அந்தச் சனத்தின் காணி இருக்கிறது என்பதை ஒருவரும் அறிக்கையில் எழுதவில்லை.

அண்ணை இப்போது சட்டம் கதைக்கிறார். 2016-இல் வந்த ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், போரால் தன் காணியில் இருக்க முடியாமல் போனவரின் உரிமையை வேறு ஆள் பிடித்து இருந்ததால் இழக்காமல் காப்பாற்றக் கொண்டுவரப்பட்டது. நல்ல சட்டம். 1990-இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கு அது தேவை. ஆனால் அந்தச் சட்டத்தை, ஒரு நாளும் அந்தக் காணியில் படுத்தெழும்பாத குடும்பம், இரண்டு முறை அகதியாகி அதே இடத்துக்குத் திரும்பி வந்த குடும்பத்துக்கு எதிராகத் தூக்கிக் காட்டுவது எந்த நியாயம்? சட்டப்படி நாங்கள் வெல்வோம், எனக்குத் தெரியும். எங்கள் அனுமதியோடு இருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு ஆட்சியுரிமை கேட்கவும் வழி இல்லை. எங்கள் பெருந்தன்மைதான் அவர்களுக்குச் சுருக்கு.

ஒரு தோழர் எங்கெல்சைக் கொண்டுவந்தார். 1872-இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது, தொழிலாளிக்குச் சின்ன வீடும் துண்டு நிலமும் குடுப்பது தீர்வில்லை, அது அவனை முதலாளியிடம் இன்னும் இறுக்கிக் கட்டும் என்றுதானே வாதிட்டார், ஆகவே காணியை எழுதிக் குடுப்பதும் தனியுடைமைதானே என்றார். தோழர், அந்தக் கேள்வியை உங்கள் பெயரில் கொடிகாமத்தில் அத்திவாரம் எழும்ப முதல் உங்களிடம் கேட்டிருக்கலாம். நாற்பது பரப்பு வைத்திருக்கிறவன் தனியுடைமையை ஒழிப்பதை மற்றவனின் இரண்டு பரப்பில் இருந்து தொடங்கக் கூடாது.

இன்னொன்று. 2019-இல் நான் இருந்த பேஸ்மென்றின் வீட்டுக்காரர், தன் மகனுக்கு இடம் வேண்டும் என்று என்-12 நோட்டீஸ் தந்தார். 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை நட்டஈடு. நான் அதை ஏற்கவில்லை. வாடகைக்காரர் அமைப்புக்குப் போனேன், விசாரணைக்குப் போனேன். நீங்கள் பத்துப் பேர் எனக்காக வந்து நின்றீர்கள். ஏழு வருசம் வாடகைக்கு இருந்த எனக்கு ஒன்ராறியோவில் இருந்த உரிமையில் கால்வாசிகூட, அரை நூற்றாண்டு அந்த மண்ணில் இருந்தவர்களுக்கு எங்கள் காணியில் இல்லை. அண்ணை அனுப்புகிற நோட்டீஸ் வட்ஸ்அப் குரல் பதிவாகப் போகிறது.

ஊரில் வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போய் இருக்க நினைக்கிறவர் கட்டட்டும், இருக்கிற அளவுக்குக் கட்டட்டும். 550 சதுர அடியில் ஒரு குடும்பம் வாழலாம் என்று அகதிக்குச் சொன்னோமே, எங்களுக்கு ஏன் 3,200? செங்கல்லையும் சுண்ணாம்பையும் உள்ளூர் மண்ணையும் கொண்டு சிக்கனமாகவும் வடிவாகவும் கட்டலாம் என்று லாரி பேக்கர் கேரளத்தில் பல வருசமாகக் காட்டினார். மண்வீடு என்றால் ஏழை வீடு என்ற வெட்கம் எங்களுக்கு. ஆனால் எந்தக் கல்லை வைக்க முதலும், அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை பரப்பு எழுதப்பட்டது என்ற கணக்கு முடிய வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. காணியில் மூன்றில் ஒன்று என் பங்கு, பதின்மூன்று பரப்புச் சொச்சம். அதை முழுதாக அவர்களுக்கு நன்கொடை உறுதியாக எழுதச் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன். கிணறும் கொட்டிலும் நிற்கிற பக்கத்தை என் பங்காகப் பிரிக்க அண்ணை சம்மதிக்க வேண்டும். அவர் குடும்பக் குறூப்பை விட்டுப் போய்விட்டார். அக்கா இன்னும் ஓம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நில அளவையாளர் தைப்பொங்கல் முடியத்தான் வருவாராம்.

போன கிழமை அந்த மூத்த மகளோடு ஃபோனில் கதைத்தேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். அறுபது தாண்டியவவை முதல் முறையாக. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. எழுதித் தந்தால் முதலில் எங்கே வீடு வைப்பீர்கள் என்று கேட்டேன். "வீடு கெடக்கட்டும் ஐயா, மொதல்ல கக்கூசு கட்டணும். பேத்திக்குப் புள்ள பொறக்கப் போகுது" என்றா. பேத்தி என்றது அந்தக் கடிதம் எழுதிய பிள்ளையை. பன்னிரண்டு வருசத்துக்கு மேலாகிவிட்டது. கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று அவ ஒரு நாளும் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஊரில் காணி உள்ள தோழர்கள் உறுதியின் பிரதியையும், அந்தக் காணியில் இப்போது இருப்பவர்களின் விபரத்தையும் கொண்டுவாருங்கள். தேத்தண்ணிக்கு முதல் அதைக் கதைப்போம்.