வினாவும் விடையும்

ஆண்டுதோறும் நம் கல்லூரியில் வினாடி வினாப் போட்டி நடைபெறும் மாலையில் இருவகைப் பேச்சுக்கள் நம் செவியில் விழுகின்றன. வென்ற மாணாக்கனைச் சூழ்ந்து நின்று, "இவனன்றோ கற்றவன்!" என்று புகழ்வார் ஒரு சாரார். "இஃதென்ன கல்வி? நாடுகளின் தலைநகரங்களையும் ஆறுகளின் நீளத்தையும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதற்குப் பரிசும் ஒரு கேடா?" என்று இகழ்வார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றிலும் உண்மை சிறிது உண்டு. பிழையே பெரிது என்பது நம் கருத்து. அதனை, நம் அண்டை மாநகராகிய மதுரையில் வாழும் ஒரு பெண்மணியின் வெற்றியைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

கௌசல்யா கார்த்திகா என்பது அவர் பெயர். மதுரை முதன்மை மாவட்ட நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராகப் பணியாற்றியவர். அவருக்குச் செவி கேளாது. வாய் பேசவும் இயலாது. 1998-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றி, 2000-ஆம் ஆண்டில் 'கோன் பனேகா குரோர்பதி' என்னும் பெயருடன் இந்தி மொழியில் புகுந்து, நாடெங்கும் பரவிய தொலைக்காட்சி வினா நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவர். அம்முறையைப் பின்பற்றி, 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ்த் தொலைக்காட்சியினர் பெண்களுக்கென்றே 'கோடீஸ்வரி' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினர். நடிகை ராதிகா சரத்குமார் வினாக்களைத் தொடுத்தார். வினாக்கள் 15, படி ஏற ஏறப் பரிசும் ஏறும், கடுமையும் ஏறும். 2020 ஜனவரியில் கௌசல்யா அப்படிகள் அனைத்தையும் கடந்து 1 கோடி ரூபாயைப் பெற்றார். பல நாடுகளில் நடைபெற்று வரும் இவ்வகை நிகழ்ச்சியில் மாற்றுத்திறனாளி ஒருவர் கோடிப் பரிசினை வென்றது இதுவே முதன்முறை என்று அப்பொழுது எங்கும் வியந்து பேசப்பெற்றது.

இவ்வெற்றியில் நாம் வியப்பது பணத்தின் அளவையன்று. பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் கற்பன பெரும்பாலும் செவி வழியாகவே வருகின்றன. ஆசிரியர் உரைக்கின்றார், நாம் கேட்கின்றோம். வீட்டில் பெரியோர் பேசுகின்றனர். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் உலகச் செய்தி தானே வந்து காதில் புகுகின்றது. இவ்வாயில் அடைபட்ட ஒருவர், பிறர் இனாமாகப் பெறும் செய்தி ஒவ்வொன்றையும் தாமே தேடிச் சென்று கண்ணாற் கற்க வேண்டியவராகின்றார். அவ்வாறு கற்றுப் பட்ட மேற்படிப்பும் முடித்து, அரசுப் பணியும் ஏற்று, ஆயிரமாயிரம் பேர் காண மேடையில் அமர்ந்து, "இதுவே விடை" என்று உறுதி செய்தாரே, அவ்வுறுதியன்றோ நாம் போற்றத்தக்கது!

மேலும், அந்நிகழ்ச்சியின் அமைப்பில் ஓர் அருமை உளது. எந்நிலையிலும் பெற்ற பொருளோடு விலகிக்கொள்ளலாம். துணிந்து பிழையுரைப்பின் பெரும் பகுதியை இழக்க நேரும். ஆகவே அறிவு மட்டும் அங்குப் போதாது. 'யான் இதனை அறிவேனா, அறிந்தவன்போல் மயங்குகின்றேனா?' என்று தன்னைத் தானே வினவிக்கொள்ளும் நேர்மை வேண்டும். இந்நேர்மை தேர்வு மண்டபத்தைவிட வாழ்க்கைக்கு மிகுதியும் தேவையானது.

இனி, நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை, கோவில்பட்டி என்னும் ஊர்களைச் சூழ்ந்த கரிசற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் பலர். தீப்பெட்டித் தொழிலாலும், நூற்பாலைக் கூலியாலும், மானாவாரிப் புன்செய் விளைவாலும் காலங்கழிக்கும் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் அவர்களுட் பலர். சில ஆண்டுகட்கு முன் நடைபெற்ற போட்டியில், அத்தகைய மாணாக்கன் ஒருவன் பின் வரிசையில் அமர்ந்து, மேடையில் கேட்கப்பெற்ற வினா ஒவ்வொன்றுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்தபின் அத்தாளைத் தற்செயலாகக் கண்டோம். வென்ற குழுவினர் கூறிய சரியான விடைகளினும் அவன் எழுதியவை மிகுதி. "தம்பி, நீ ஏன் மேடை ஏறவில்லை?" என்றோம். "என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஐயா" என்றான்.

அச்சொல் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை. பேச இயலாத ஒருவர் உலகறிய விடை கூறிவிட்டார். பேச வல்ல ஒருவன் நம் அச்சுறுத்தலால் ஊமையானான். இக்குற்றம் அவனுடையதன்று. ஊர்ப்பேச்சைக் கேட்டு நகைத்த உடன்மாணாக்கருடையது. அந்நகைப்பைக் கண்டும் காணாதிருந்த ஆசிரியராகிய நம்முடையது.

வினாவுக்கு விடையிறுத்தல் அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோர் நம் பழமையை அறியாதார். அவதானம் என்னும் கலை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கியது. சூழ்ந்திருப்போர் ஒருவர் வினாக் கேட்க, ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்க, ஒருவர் கணக்கிட, ஒருவர் மணி அடிக்க, ஒருவர் முதுகில் பூ எறிய, அத்தனையையும் ஒருங்கே மனத்திற்கொண்டு தவறாது விடை கூறுதலே அது. நாகர்கோவிலைச் சார்ந்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனிக்கும் சதாவதானம் நிகழ்த்தி, 'சதாவதானி' என்று புகழ் பெற்றார். கௌசல்யா கார்த்திகா, தாம் பெற்ற பரிசிலிருந்து நாகர்கோவிலில் தாம் பயின்ற செவிகேளாதோர் பள்ளிக்கு உதவ விரும்புவதாகத் தெரிவித்தார். ஒரே ஊர் இருவேறு நூற்றாண்டுகளில் இருவேறு வகை அவதானிகளுக்குக் கல்வி ஊட்டியது எண்ணுந்தோறும் இன்பந் தருகின்றது. நம் எட்டயபுரத்திலும், 11 வயதுச் சிறுவனாகிய சுப்பிரமணியன் அவையோர் முன் தன் புலமையைக் காட்டியே 'பாரதி' என்னும் பட்டம் பெற்றான் என்பதை யார் அறியார்? அச்சிறுவனைப் பார்த்து அவையோர் நகைத்து ஓட்டியிருப்பின் இழப்பு யாருக்கு?

நிற்க. "கையிலுள்ள பேசி எல்லா வினாக்களுக்கும் இமைப்பொழுதில் விடை தரும் இக்காலத்தில் மனிதன் எதனையும் நினைவில் வைப்பானேன்?" என்று சிலர் வினவலாம். இதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று தக்க விடையாகும். அங்கு 'ஜெப்பர்டி' என்னும் தொலைக்காட்சிப் போட்டி நடைபெறுகின்றது. அதில் விடையை அவர்கள் கூறுவர். அதற்குரிய வினாவைப் போட்டியாளர் அமைத்துக் கூற வேண்டும். 2004-ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை கென் ஜென்னிங்ஸ் என்னும் கணினிப் பொறியாளர் அதில் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று 25,20,700 டாலர் ஈட்டினார். அச்சாதனையை இன்றுவரை ஒருவரும் கடக்கவில்லை. 75-ஆம் ஆட்டத்தில் அவர் தோற்றார். ஆண்டில் 4 திங்களே வேலை செய்யும் 70,000 அலுவலரையுடைய நிறுவனம் யாது என்பதே அவரை வீழ்த்தியது. வருமானவரிக் கணக்கு எழுதித் தரும் நிறுவனம் ஒன்றைக் குறித்திருக்க வேண்டும். அவரோ பொதி அனுப்பும் நிறுவனம் ஒன்றின் பெயரை எழுதினார். பேரறிஞனும் ஓரிடத்தில் இடறுவான். இடறியதனால் அவன் அறிவு பொய்யாகிவிடாது.

2011-ஆம் ஆண்டில் இவரையும் மற்றொரு பெருவீரராகிய பிராட் ரட்டரையும் ஐ.பி.எம். நிறுவனத்தாரின் 'வாட்சன்' என்னும் கணினி வென்றது. ஆயினும் வென்ற அவ்வியந்திரமே, அமெரிக்க நகரங்கள் என்னும் தலைப்பில் வந்த கேள்வியொன்றுக்குக் கனடா நாட்டு டொரண்டோ நகரை விடையாகக் காட்டியது. டொரண்டோ எங்குளது என்று அறிந்தவர் நகைத்தனர்; அறியாதவர் நம்பியிருப்பர். நாம் கூறவந்தது இதுவே. இயந்திரம் விடை தரும். அது தவறுங்கால் தவறு என்று காண்பதற்கு நம்மிடத்தில் கல்வி இருத்தல் வேண்டும். ஒன்றும் அறியாதவனுக்கு நல்ல வினா எழுப்பவும் தெரியாது. ஜென்னிங்ஸோ தோல்வியால் துவளவில்லை. 2020-ஆம் ஆண்டில் அப்போட்டியின் தலைசிறந்த வீரர்கள் மூவருள் முதல்வராக வென்றார். நெடுங்காலம் அதனை நடத்திய அலெக்ஸ் டிரெபெக் அவ்வாண்டே காலமான பின்னர் அந்நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். விடை கூறி வந்தவர் வினாத் தொடுப்பவராயினார்.

நினைவின் இயல்பைக் கற்க நம் மாணாக்கர் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தம் காலடி மண்ணை நோக்கினாற் போதும். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையைக் கரிசல் தன்னுள் வாங்கிப் பிடித்துக்கொள்கின்றது. வானம் வெளுத்த பின்னும், அவ்வீரத்தைக் கொண்டே பருத்தியும் சோளமும் பயறும் தை மாசி வரை விளைகின்றன. கோடையில் அம்மண் பாளம் பாளமாக வெடிக்கின்றது. பின்னர் வரும் முதல் மழை அவ்வெடிப்புக்களின் வழியே ஆழத்திற் புகுகின்றது. கற்றதைத் தன்னுள் காக்கும் நினைவு அம்மண்ணின் ஈரத்தை ஒக்கும். மனத்தில் எழும் வினாக்கள் அவ்வெடிப்புக்களை ஒக்கும். வெடிப்பில்லாத மனத்தில் அறிவு மேலோடி வழிந்துபோம். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும், "இம்மண்ணில் எது விளையும்? ஏன் விளையும்?" என்னும் வினாக்களின் பயனேயாகும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து, பள்ளிப்படிப்பை இடையிலேயே விடுத்த கி. ராஜநாராயணன், ஊராரிடம் கேட்டுக் கேட்டுக் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்த்தப்பெற்றார். எவருடைய பேச்சைக் கேட்டு நாம் நகைக்கின்றோமோ, அப்பேச்சே அவருக்கு நூலாயிற்று.

பரிசுப் பொருளைப் பற்றியும் ஒன்று கூறுதல் கடமை. 2011-ஆம் ஆண்டில் பீகாரைச் சேர்ந்த சுசீல்குமார் என்னும் இளைஞர் 5 கோடி ரூபாய் வென்று நாடெங்கும் பெயர் பெற்றார். பின்னர்ப் பிறர் வஞ்சித்ததையும், தீய பழக்கங்களுக்கு ஆளானதையும், தொழிலில் நட்டமுற்றதையும் 2020-ஆம் ஆண்டில் தாமே மறைக்காமல் எழுதினார். செண்பக மரக்கன்றுகள் நடுவதிலும் கற்பிப்பதிலும் மன அமைதி கண்டதாகவும் உரைத்தார். கோடி ரூபாய் வரும் வழியைக் காட்டிய அறிவு, அதனைக் காக்கும் வழியைத் தானே காட்டிவிடாது. ஆதலின் வினாடி வினாவே கல்வி என்போர் கூற்றும் பிழையே. அது கல்வியின் வாயில், மனை அன்று.

முடிவாக, நம் கல்லூரிக்குச் சில கூறுகின்றோம். முதலாவது, போட்டிக்கு முற்சுற்று எழுத்திலேயே நடைபெறுக. தெளிவாகப் பேசுவோர் மட்டுமன்றித் தெளிவாக அறிவோரும் மேடை ஏறட்டும். செவி கேளாத மாணாக்கரும் கலந்துகொள்ள வினாக்கள் திரையிலும் தோன்றுக. இரண்டாவது, மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து, நூலில் காணாத வினா ஒன்றைக் கொணர்க. பருத்திக் காட்டைப் பற்றியும், ஊருணியைப் பற்றியும், பாட்டியின் கைவைத்தியத்தைப் பற்றியும் நகரத்துப் பிள்ளைகளும் சிறிது திகைக்கட்டும். மூன்றாவது, பிழையான விடைக்கு நகைக்கும் வழக்கத்தை வகுப்பறையில் ஆசிரியராகிய நாமே முதலில் ஒழிப்போம். பழைய மாணவர்களாகிய அன்பர்கள், பரிசுக் கோப்பைகளுக்குப் பொருள் வழங்குவதோடு அமையாது, நூல்நிலையத்தை இரவு ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க உதவுவாராயின், பேருந்துக்கு ஓடும் மாணாக்கருக்கன்றி விடுதியில் தங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கேனும் பயன் விளையும்.

பின் வரிசையில் தாளை மடித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அம்மாணாக்கன் படிப்பு முடித்துச் சென்றுவிட்டான். அவனுக்கு நாம் செய்யத் தவறியது தவறியதே. அடுத்த போட்டி நாளன்று அவ்வரிசைக்கு முதலிற் சென்று, அங்கு அமர்ந்திருப்போரை நாமே கைப்பிடித்து முன்னே அழைத்து வருவோமாக.