கம்பம் திராட்சைக்குத் தூக்கமே இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, மேகமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சையின் பூர்வீகம் ஐரோப்பா. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற அந்த ரகத்தில் ஒயினும் தயாரிக்கலாம்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க இலையுதிர்த்துத் தூங்கும் திராட்சைக் கொடி, ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். கம்பத்தில் அப்படியொரு பனிக்காலமே கிடையாது. விவசாயி கவாத்து செய்ததும் கொடி துளிர்த்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், ஆண்டு முழுக்க அறுவடைதான்!

ஆனால், மழை வந்தால் சிவகாசி பட்டாசுக்காரர்களைப் போலவே இவர்களுக்கும் கலக்கம். பழம் வெடித்துவிடும். பறித்த பழமும் சில நாள்தான் தாங்கும். விலை இறங்கினாலும் விற்றே ஆக வேண்டும்.

2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மிஞ்சும் பழத்தை ஜூஸாகவோ ஒயினாகவோ மாற்ற வழியிருந்தால்தான் விவசாயிக்கும் நிம்மதியான தூக்கம்!