போறவனைத் திட்டுறதை முதலில் நிறுத்துவம்!



"படிச்சதுகள் எல்லாம் மண்ணை விட்டு ஓடுதுகள்." இந்த வசனத்தை எங்கட மேடைகளிலேயே எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்? கையும் தட்டியிருப்பீர்கள். நானும் தட்டியிருக்கிறேன். இனித் தட்டமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவன். என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன், வெளிநாடு போகவே மாட்டேன் என்று நின்றவன். யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு கணினிக் கடை போட்டான். இரண்டு பெடியளுக்கு வேலையும் குடுத்தான்.

2022 வந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாவானது. அவன் வாங்கி விற்கிற சாமான் எல்லாம் டொலர் விலை. செப்டம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். கடன் பட்டு, ஒரு நேரம் சாப்பிட்டு, அதையும் தாக்குப்பிடித்தான்.

பிறகுதான் மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்தார்கள். கப்பம் கேட்டார்கள். அவன் குடுக்கேல்லை. அடுத்த கிழமை கடைக் கண்ணாடி நொறுங்கியது. முறைப்பாடு செய்தான். முறைப்பாடு செய்தது ஆர் என்று மறுநாளே அவங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு அவனுடைய அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது. காணி உறுதியை ஈடு வைத்து, மாணவர் விசாவில் அவனை லண்டனுக்கு அனுப்பிவிட்டா. இன்றைக்கு அங்கே ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பெட்டி அடுக்குகிறான்.

இவன் மண்ணை விட்டு ஓடினவனா, துரத்தப்பட்டவனா? நீங்களே சொல்லுங்கள்.

கவனியுங்கள், கஷ்டம் வந்தபோது அவன் நின்றான். பாதுகாப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் போனான். வாள்வெட்டு, கப்பம், ஐஸ், ஹெரோயின் இதெல்லாம் செய்திப் பக்கத்தின் ஒரு மூலையில் வந்து போகிற விஷயமாக எங்களுக்கு ஆகிவிட்டது. ஆனால் ஒரு பெற்றோர் பிள்ளையை அனுப்ப முடிவெடுப்பது அந்த மூலைச் செய்தியைப் பார்த்துத்தான்.

இப்போது அரசு செய்ததைப் பாருங்கள். 2022இல் டொலர் இல்லை என்றதும், அரச ஊழியர் 5 ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அறிவித்தார்கள். 2023 ஜனவரியில், நாட்டிலேயே நின்று உழைக்கிறவனின் வருமான வரியை 36 சதவீதம் வரை ஏற்றினார்கள். போறவனுக்குக் கதவு, நிக்கிறவனுக்கு வரி! 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 3 லட்சம் பேர் அளவில் வேலைக்கென்று பதிவு செய்து வெளியேறினார்கள். 2 கோடியே 17 லட்சம் பேர் இருக்கிற நாட்டில் இது சின்னக் கணக்கில்லை. மாணவர் விசாவில் போனவர்களும் படகில் ஏறியவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2022 நவம்பரில் நடுக்கடலில் தத்தளித்து, மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்ட 303 பேரை மறந்துவிட்டீர்களா? அவர்களும் எங்கட சனம்தான்.

இலவசக் கல்வியில் எங்கட வரிப்பணத்தில் உருவான வைத்தியரும் பொறியியலாளரும் வேறொரு நாட்டுக்கு இனாமாகப் போகிறார்கள். அங்கேயும் படித்த வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இரண்டு பக்கமும் நட்டம்.

இதில் எங்கட அரசியலும் இருக்கிறது. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. வாக்காளர் தொகையை வைத்துத்தான் ஆசனம் பிரிக்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் உரிமை கேட்க ஆர் இருப்பான்?

2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். நல்லது, சனத்தின் அலைச்சல் குறையும். ஆனால் நின்று வாழ என்ன திறந்தீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கேட்கிறோம்:

1. முறைப்பாடு செய்பவரின் விபரம் வெளியே போகக்கூடாது. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இலும் சட்டம் போட்டீர்கள், 2023இலும் சட்டம் போட்டீர்கள். தாளில் இருப்பதைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்.

2. வடக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013இல். உடனே நடத்துங்கள். 13ஆம் திருத்தத்தில் எழுதியிருக்கிற பொலிஸ் அதிகாரத்தைத் தாருங்கள். ஊரைத் தெரிந்தவன்தான் ஊரைக் காப்பான்.

3. சொந்தமாகத் தொழில் தொடங்குகிற இளைஞருக்கு, காணி உறுதி கேட்காத கடன் வேண்டும்.

புலம்பெயர் உறவுகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கோயிலுக்குக் கோபுரம் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு பத்துப் பேருக்குச் சம்பளம் குடுக்கிற ஒரு தொழிலையும் ஊரில் தொடங்குங்கள்.

கட்சித் தோழர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். கப்பம் கேட்டு ஒரு கடையில் கண்ணாடி உடைந்தால், அடுத்த நாள் காலையில் அந்தக் கடை வாசலில் பத்துப் பேராகப் போய் நில்லுங்கள். முறைப்பாடு செய்ய அவரோடு கூடப் போங்கள். என் நண்பனோடு அன்றைக்கு ஆரும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் போகவில்லை.

என் வீட்டிலும் அம்மா கேட்கத் தொடங்கிவிட்டா: "நீ எப்ப வெளிக்கிடப் போறாய்?" நிற்கிறேன் என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை மாற்றாமல் வைத்திருக்க நீங்களும் கூட நிற்க வேண்டும்.

சரி என்று பட்டால் பகிருங்கள்.

— கட்சியின் தொழில்நுட்ப அணித் தொண்டன்

#நின்றுவாழவழிசெய் #மாகாணசபைத்தேர்தல்எப்போது